எண்பது டிகிரி

பண்டாரவளை
9 டிசம்பர் 2025

அன்புள்ள இஸ்ரா,

நீ பல தடவை அழைத்திருந்தாய். நான் எடுக்கவில்லை. உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். நான் அழுதால் இந்த வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் எல்லாரும் அழத் தொடங்குவார்கள். அதனால்தான் மின்னஞ்சல். நீயும் எழுது. வாசிக்க என்னால் முடிகிறது.

அப்பா கிடைத்துவிட்டார். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில், மண்சரிவு கொண்டுபோன எங்கள் லய வீடு இருந்த இடத்தில் அல்ல, அதற்கு வெகு கீழே, ஓடைக்கரையில். முகத்தை வைத்து அடையாளம் சொல்ல வழியில்லை. போன கோடையில் எயிந்தோவன் சந்தையில் நீயும் நானும் சேர்ந்து அப்பாவுக்கு எடுத்தோமே ஒரு நீலச் சட்டை, அதைப் பார்த்துத்தான் "இது அழகையாதான், எங்கப்பாதான்" என்று சொன்னேன். அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கப் போகிற காலை போல, அம்மா கேட்ட முதல் கேள்வி: "பெரட்டுக்கு நேரமாயிருச்சா விஜி? என் கூடைய எங்க வச்ச?"

உன் வாப்பா பதுளைக் கடையைப் பூட்டிவிட்டு முகாமுக்கு வந்தார். வேனில் பாயும் போர்வையும் பால்மாவும் நிறைத்துக்கொண்டு வந்திருந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரிங்க மகள். இஸ்ராவும் நீங்களும் எனக்கு வேற வேறயா?" என்றார். நீ கொடுத்துவைத்தவள்.

இப்போது கேட்கப்போவதைக் கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஊரில் இருந்து என் மாமா போன் செய்து செய்தி சொன்ன அன்று காலையில்தான் என் சிப்பைச் சூடேற்றும் மேடையில் பொருத்தி முடித்திருந்தேன். ஸ்விட்சைப் போடவில்லை. ஜனவரியில் ஆய்வுக்குழு கூடும்போது முடிவு கையில் இல்லை என்றால் என் ஒப்பந்தத்தை நீட்டமாட்டார்கள். எனக்காக அந்தச் சோதனையை ஓட்டிப் பார்ப்பாயா? எண்பது டிகிரியில் லேசர் அணையாமல் நின்றால் போதும்.

நேற்று முகாமில் ஒரு டீச்சர், "நீங்க அங்க என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் சிப்புக்குள் இப்போது செம்புக் கம்பியில் ஓடுகிற செய்தியை வெளிச்சத்தில் ஓடவிடப் பார்க்கிறோம் என்றேன். சிலிக்கன் வெளிச்சத்தைக் கொண்டுபோகும், ஆனால் தானாக வெளிச்சம் தராது. ஆகவே வேறொரு பொருளில் செய்த லேசரை அதன்மேல் ஒட்டுகிறோம். சூடு ஏறினால் அந்த லேசர் அணைந்துவிடும். அடியில் இருக்கும் கண்ணாடிப் படலம் சூட்டை இறங்கவிடாது. நான் அந்தப் படலத்தைத் திறந்து சூட்டுக்கு ஒரு வழி போட்டிருக்கிறேன் என்றேன். சொல்லச் சொல்ல, இத்தனை நாளில் முதல் தடவையாக, நான் யார் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

ஓட்டிப் பார், இஸ்ரா.

விஜயலெட்சுமி


எயிந்தோவன்
17 டிசம்பர் 2025

என் விஜி,

உன் மின்னஞ்சலை ஆய்வுகூடத்தில் வைத்து வாசிக்க முடியாமல், குளியலறைக்குள் போய் நின்று வாசித்தேன். அழகையா மாமாவின் நீலச் சட்டை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. "வெள்ளக்காரன் சட்ட எனக்குப் பொருந்துமாம்மா?" என்று வீடியோவில் கேட்டுச் சிரித்தாரே.

உனக்கு நல்ல செய்தி எழுத வேண்டும் என்று எவ்வளவோ ஆசைப்பட்டேன். முடியவில்லை. நீ பொருத்தியதையும் போட்டேன், பெட்டியில் இருந்த மற்றதையும் போட்டேன். ஐம்பதைத் தாண்டும்போதே வெளிச்சம் மங்குகிறது. அறுபதில் அணைந்துவிடுகிறது. ஆறவிட்டு மறுபடியும் பார்த்தேன், அதேதான். நீ போட்ட வழி சூட்டை இறக்கவில்லை, விஜி.

பேராசிரியரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் மிகவும் வருந்தினார். துக்க வீட்டில் இருப்பவளைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று உனக்கு எழுதாமல் இருக்கிறார். நீயும் இப்போதைக்கு அவருக்கு எழுத வேண்டாம். இப்போது உன் அம்மாதான் முக்கியம். பெரியாயி மாமியிடம் நான் சுகம் கேட்டதாகச் சொல்.

உன் இஸ்ரா


பண்டாரவளை
12 ஜனவரி 2026

அன்புள்ள இஸ்ரா,

நீ எழுதியதைப் பல தடவை வாசித்தேன். கணக்கில் எங்கே பிழை விட்டேன் என்று தேடினேன். கிடைக்கவில்லை. தேடவும் இனி நேரமில்லை.

ஒப்பந்தத்தை நீட்டக் கேட்கப்போவதில்லை என்று அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். ஒரு வரிதான். அனுப்பிய பிறகு வெளியே வந்து குழாயடியில் கொஞ்ச நேரம் நின்றேன். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் இருந்து விட்டுவிட்டார்கள். பண்டாரவளையில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை, வரச் சொல்கிறார்கள். போகப்போகிறேன். "நீ வெளிநாட்டுக்குப் போகலயா புள்ள?" என்று அம்மா கேட்டது. "என் சிப்பு வேலை செய்யலம்மா" என்றேன். அம்மா முகம் ஒரு கணம் மலர்ந்தது, இஸ்ரா. உடனே மறைத்துக்கொண்டது. நான் பார்த்துவிட்டேன்.

உனக்கு நன்றி. உண்மையைச் சொல்லவும் ஒரு சிநேகிதி வேண்டும்.

விஜி


எயிந்தோவன்
25 ஜனவரி 2026

விஜி,

சரியான முடிவு. உன் உடுப்பு, குளிர்க் கோட்டு, சோற்றுப் பானை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் மேசையை ஒரு சீனப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இங்கே வேலை அதிகம். அடிக்கடி எழுத முடியாவிட்டால் கோபிக்காதே.

இஸ்ரா


பண்டாரவளை
19 ஏப்ரல் 2026

இஸ்ரா,

நேற்றுப் பதுளைக்குப் போனேன். அம்மாவின் செயற்கைக் காலுக்கு அளவெடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். முடிந்ததும் அம்மாவை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்காரவைத்துவிட்டு உங்கள் கடைக்குப் போனேன், உன் உம்மாவைப் பார்த்து வெகு நாளாயிற்று என்று.

உம்மா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனார். "வாங்க மகள், வாங்க. இஸ்ரா சொன்னாவா உங்களுக்கு? பரிசு கெடச்சிருக்கு. இங்க பாருங்க இஸ்ராட படத்த" என்று போனை நீட்டினார். நீ சாம்பல் நிற ஹிஜாபில் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். கையில் கண்ணாடிக் கேடயம். உன் தோளுக்குப் பின்னால் உன் ஆய்வைப் பற்றிய போஸ்டர்.

"எவ்வளவு வடிவா இருக்கா, இல்லயா?" என்றார் உம்மா.

"ஆமாங்க" என்றேன். விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். உன் முகத்தைப் பார்க்கிறேன் என்று உம்மா நினைத்திருப்பார்.

போஸ்டரில் இருப்பது என் சிப். லேசருக்கு அடியில் சூடு இறங்க நான் போட்ட வழி, பக்கவாட்டில் நான் வளைத்த வளைவு. நான் பெற்ற பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியாதா? பக்கத்தில் வரைபடம். இருபது டிகிரியில் தொடங்கி எண்பது வரைக்கும் போகிறது கோடு. அணையவில்லை. மேலே உன் பெயர், பேராசிரியர் பெயர், எனக்குத் தெரியாத இரண்டு பெயர்கள்.

உம்மா எனக்குப் பிளேன்டீயும் தொதல் இனிப்பும் கொடுத்தார். "அழுறீங்களா மகள்? சந்தோசத்துலயா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

டிசம்பரில் என் சிப் வேலை செய்தது. நீ பார்த்தாய். பார்த்துவிட்டு, அப்பாவைப் புதைத்து ஈரம் காயாத என்னிடம் அணைந்துவிட்டது என்று எழுதினாய். ஆறவிட்டு மறுபடியும் பார்த்தேன் என்றும் எழுதினாய். அந்த ஒரு வரியை எதற்கு எழுதினாய்? பொய்க்கு அவ்வளவு சோடனை தேவையா?

ஒன்றுதான் கேட்கிறேன். ஏன்?

விஜயலெட்சுமி


எயிந்தோவன்
26 ஏப்ரல் 2026

விஜி,

பதில் எழுதாமல் விடலாம் என்று இருந்தேன். எழுதுகிறேன், ஒளிந்துகொண்டேன் என்று நீ சொல்லக்கூடாது.

இங்கே ஓர் இடம்தான் இருந்தது. பேராசிரியர் தொடங்கும் கம்பனிக்கு நம் இருவரில் ஒருத்தியைத்தான் எடுப்பார். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோதெல்லாம் நாம் பேசாமல் விட்டது அதைத்தான். நீ கெட்டிக்காரி. நான் உழைப்பாளி. இரண்டு பேரும் இங்கே இருந்திருந்தால் நீதான். நீ போனாய். உன் சிப் மேடையில் இருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். எண்பதிலும் எரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

உன் பெயர் கட்டுரையின் நன்றிப் பகுதியில் இருக்கிறது. போஸ்டரில் அதற்கு இடமில்லை.

இன்னொன்று. வேலை செய்தது என்று எழுதியிருந்தால் நீ வந்திருப்பாயா? ஒரு காலில்லாத அம்மாவை முகாமில் விட்டுவிட்டு விமானம் ஏறியிருப்பாயா? மாட்டாய். அங்கேயே இருந்திருப்பாய். இருந்து, ஒவ்வொரு நாளும் அம்மாவைத் தூக்கிக் குளிக்க வார்க்கும்போது, இந்த மனுஷி மட்டும் அப்பாவோடு போயிருந்தால் நான் அங்கே இருப்பேனே என்று நினைத்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அப்படி நினைக்காமல் இருக்க நான் உனக்கு ஒரு காரணம் கொடுத்தேன். உன் அம்மாவை வெறுக்காமல் இருக்கிறாய் அல்லவா? அது என் புண்ணியம்.

உனக்கு இனி இங்கே இடம் இல்லை. எழுதாதே.

இஸ்ரா


எயிந்தோவன்
30 மே 2026

விஜி,

எழுதாதே என்று சொன்ன நானே எழுதுகிறேன். ஒரு கேள்வி இருக்கிறது. அதை உன்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்க முடியாது.

ஒரு பெரிய நிறுவனம் நம் லேசரை வாங்க வருகிறது. அவர்களுடைய கம்ப்யூட்டர் சிப்புகளுக்கு நடுவே செய்தி கடத்துவதற்கு. சோதனையில் வெப்பத்தை அளந்த சென்ஸர் எந்த இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது என்று கேட்கிறார்கள். ஒட்டியது நீ. பிப்ரவரியில் ஆய்வுகூடத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றியபோது அந்த மேடையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். எல்லாம் தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கின்றன. சிப்புக்குப் பக்கத்தில்தானே ஒட்டினாய்?

நீ எனக்குப் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சிப் உன்னுடையது. அது ஜெயிப்பது உனக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இஸ்ரா


பண்டாரவளை
2 ஜூன் 2026

இஸ்ரா,

சிப்புக்குப் பக்கத்தில்தான். சிப் இருக்கும் அதே பீங்கான் துண்டின்மேல், அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டு. சந்தேகமே வேண்டாம், அப்படியே சொல்.

சிப் ஜெயிக்கட்டும்.

விஜி


எயிந்தோவன்
11 ஜூலை 2026

விஜி,

அது அணைந்துவிட்டது.

அவர்களுடைய கட்டடத்தில், அவர்களுடைய மேடையில். பேராசிரியர் என் பக்கத்தில் நிற்கிறார். பெரிய திரையில் செய்தி ஓடுகிறது, பிழையே இல்லை. நாற்பது, ஐம்பது. ஐம்பத்தெட்டில் திரையில் சிவப்புப் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. அறுபத்தொன்றில் வெளிச்சம் போய்விட்டது. இன்னொரு சிப்பை வைத்தார்கள். அதுவும் போனது. எங்கள் அளவீடு சரி, சென்ஸர் சிப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர்களில் ஒரு பெண் தன் கணினியை மூடினாள்.

அவர்கள் போய்விட்டார்கள். கம்பனி இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டார்கள். நான் எண்களை இட்டுக்கட்டினேனா என்று விசாரிக்கிறார்கள். இல்லை, விஜி! எண்பதில் எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன்! பேராசிரியர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் விசா அடுத்த மாதத்தோடு முடிகிறது.

எங்கே பிழை? உனக்குத் தெரிந்தால் சொல்.

இஸ்ரா


பண்டாரவளை
18 ஜூலை 2026

இஸ்ரா,

தெரியும்.

சென்ஸர் சிப்புக்குப் பக்கத்தில் இல்லை. அதன் வயர் எட்டவில்லை என்பதால் அப்போதைக்குக் கீழே செம்புத் தகட்டில் ஒட்டினேன், ஹீட்டரின் ஓரத்தில். சோதனைக்கு முன் மேலே மாற்றிவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் மாமாவின் அழைப்பு வந்தது. தகட்டுக்கும் சிப்புக்கும் நடுவே பீங்கான் துண்டு. தகடு எண்பதில் இருந்தால் சிப் அறுபதைக்கூடத் தொட்டிருக்காது. நீ பார்த்த எண்பது தகட்டின் எண்பது. அதெல்லாம் எனக்கு மறந்தே போயிருந்தது. நீ மே மாதம் கேட்டாயே, அந்தக் கேள்வியை வாசித்த கணத்தில் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்து வாங்கில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு உனக்குப் பதில் எழுதினேன்.

இப்போது புரிகிறதா? டிசம்பரில் நீ எனக்கு எழுதியது எல்லாம் உண்மை. என் சிப் அறுபதில் அணைகிறது. நீ பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கிறாய். நீ அன்று நேர்மையாக "எண்பதில் எரிந்தது விஜி" என்று எழுதியிருந்தால், எண்களைச் சரிபார்க்கும்போதே சென்ஸர் ஞாபகம் வந்து, அதை மாற்றினாயா என்று நான் கேட்டிருப்பேன். ஒரு வாரத்தில் பிழையைப் பிடித்திருப்போம். சேர்ந்து திருத்தியிருப்போம்.

இன்னொரு வேலையும் செய்தேன். புதன்கிழமை உங்கள் கடைக்குப் போனேன். சேலை எடுக்க ஆட்கள் நின்றார்கள். பரவாயில்லை என்று அவர்கள் முன்னாலேயே உன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இஸ்ரா அப்பிடிச் செய்ற புள்ள இல்ல மகள், உங்களுக்கு ஆரோ பொய் சொல்லியிருக்காங்க" என்றார். ஏப்ரலில் நீ எனக்கு எழுதியதை முழுவதும் வாசித்துக் காட்டினேன். என் அம்மாவைப் பற்றி எழுதிய இடம் வந்தபோது உன் வாப்பா, "போதும் மகள்" என்றார். நான் நிறுத்தவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.

அவர்கள் எனக்குச் சோறு போட்டவர்கள். அது தெரிந்துதான் வாசித்தேன்.

விஜயலெட்சுமி


பதுளை
23 ஆகஸ்ட் 2026

விஜயலெட்சுமி,

வந்துவிட்டேன். கடையில் துணி அளந்து வெட்டுகிறேன். உம்மா என்னோடு பேசுகிறார், சாப்பிட வா, கதவைச் சாத்து, அவ்வளவுதான். வாப்பா அதுவும் இல்லை. நான் கடைக்குள் வந்தால் அவர் எழுந்து வெளியே போய் நிற்கிறார். அன்று கடையில் சேலை எடுக்க நின்றவர்களில் ஒருத்தி எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் சாச்சி, சின்னம்மா. அந்தச் சம்பந்தம் நின்றுவிட்டது. உனக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் வாசித்திருப்பாய்.

அதற்குக் கணக்குத் தீர்க்க இதை எழுதவில்லை. உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அது உனக்குத் தெரியவேண்டும்.

அந்த நிறுவனம் இரண்டாவது சிப்பையும் கேட்டிருந்தது, முதலாவதைவிட வேகமானது. எனக்கு அதை வரைய வரவில்லை. மூன்று மாதம் முயன்றேன். கடைசியில் பேராசிரியரிடம் போய், வடிவம் விஜியினுடையது, அவளை எடுங்கள் என்று சொன்னேன். பாசத்தால் அல்ல. எனக்கு வேறு வழி இல்லை. அவர் சம்மதித்தார். கம்பனியில் உனக்கு ஓர் இடம், வேலையைப் பண்டாரவளையில் இருந்தே செய்யலாம், அம்மாவை விட்டு வரவேண்டியதில்லை. கட்டுரையின் அடுத்த பதிப்பில் உன் பெயர் முதலில். அன்று அந்தச் சோதனை முடிந்ததும் கையெழுத்தாகவிருந்த தாள்களில் உன் ஒப்பந்தமும் இருந்தது. மே மாதம் உனக்கு எழுதும்போதே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. கேள்வியோடு சேர்த்துச் சொன்னால் உன்னை விலைக்கு வாங்குவது போல இருக்கும் என்று நினைத்தேன்.

சென்ஸர் செம்புத் தகட்டில் இருந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் சோதனையைத் தள்ளிவைத்திருப்போம். திருத்த உன்னைத்தான் கூப்பிட்டிருப்போம். உன் வேலையை உன் கையாலேயே அணைத்தாய்.

பொய் என்று நினைத்தால் பேராசிரியரைக் கேள்.

இஸ்ரா ஜாபிர்


பண்டாரவளை
6 செப்டம்பர் 2026

இஸ்ரா,

கேட்டேன். அவர் அன்றே பதில் எழுதினார், கையெழுத்தாகாத ஒப்பந்தத்தின் பிரதியும் வைத்திருந்தார். என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள். நீ சொன்னது எல்லாம் உண்மை.

அம்மா என் முகத்தைப் பார்த்து, "யாரும் செத்துட்டாங்களா?" என்று கேட்டது. இல்லை என்றேன். புதுக் காலை மாட்டிவிட்டு, பெரகலயில் ஒரு காதுகுத்துக்குக் கூட்டிப்போனேன். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஒரு கிழமை முழுக்க யோசித்துப் பார்த்தேன். முன்னமே தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்று. இல்லை, இஸ்ரா. இன்றைக்கு நீ அதே கேள்வியைக் கேட்டாலும், அந்த ஒப்பந்தம் என் மடியில் கிடந்தாலும், சிப்புக்குப் பக்கத்தில்தான் என்றுதான் எழுதுவேன்.

விஜயலெட்சுமி